யார் பாட்டை யார் பாடலாம் என்று அடித்துக்கொள்ளும் என் பிள்ளைகளுக்கு

என் பழைய மாணவ மாணவியருக்கும், இந்தப் பக்கத்தைப் பார்க்கும் அண்ணன் தம்பி, நாத்தனார், சித்தி பெரியம்மா பிள்ளைகள் எல்லோருக்கும்: நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருப்பவர்கள் அணைத்துவிட்டு வாருங்கள்.

நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு சண்டை நடந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பையன் ஒருவன் ஒரு கேள்வி போட்டான்: "அகம் குழு ஹரீஷ் அடுத்து எந்தப் பழைய பாட்டை எடுத்துப் பாடணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க." அவ்வளவுதான். முதல் நாள் பாட்டுப் பட்டியல். இரண்டாம் நாள் "ராஜா பாட்டைத் தொடாதே", "ரகுமான் பாட்டைக் கெடுக்காதே". மூன்றாம் நாள் "உனக்குக் காது இருக்கா, இல்ல ஓட்டையா" என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் குழுவை விட்டு வெளியேறிவிட்டான். இந்த இரண்டு பேரும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருவன் கொண்டுவரும் புளிச்சோற்றை மற்றவன்தான் சாப்பிடுவான். சத்துணவு முட்டையைப் பாதியாகப் பிய்த்துக்கொண்டவர்கள் ஒரு பாட்டுக்காகப் பேச்சை விட்டுவிட்டார்கள் என்றால், டீச்சர் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

உறவுக்காரர்களுக்காக ஒரு விளக்கம். அகம் என்பது பெங்களூரைச் சேர்ந்த ராக் குழு. தியாகராஜர் கீர்த்தனையையும் சுவாதித் திருநாள் தில்லானாவையும் எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துப் பாடுவார்கள். ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் அதில் பாடுகிறார், வயலினும் வாசிக்கிறார். பழைய மலையாள, தமிழ் சினிமாப் பாட்டுகளை எடுத்து, நிறுத்தி, இழுத்து, தன் வழியில் பாடுவார். சிலருக்கு அது தேன். சிலருக்கு எரிச்சல். நான் கேட்டேன். சில பாட்டு பிடித்தது. ஒன்றிரண்டு பாட்டில், எப்போதடா அடுத்த வரிக்கு வருவார் என்று இருந்தது. எனக்கு சங்கீதம் தெரியாது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஆர்மோனியம் இல்லாமல் பாரதி பாட்டுப் பாடக் கற்றுக்கொண்டதும், நாற்பது பிள்ளைகளை ஒரே குரலில் பாட வைத்ததும்தான் என் தகுதி. அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் "தொடாதே" கட்சிக்கு.

1989-இல் கரகாட்டக்காரன் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த வருடம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு ஏறவே இல்லை. கையில் அடித்தும் பார்த்தேன் (அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்). ஒரு நாள் மதியம், கடைசிப் பெஞ்சில் ஒருத்தி அந்தப் படத்துப் பாட்டு மெட்டில் வாய்ப்பாட்டைப் போட்டு முணுமுணுத்துக்கொண்டு இருந்தாள். நான் அதையே வகுப்பு முழுக்கப் பாட வைத்தேன். மூன்றே நாளில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் சொன்னார்கள். நான்காம் நாள் பள்ளியைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இது பள்ளிக்கூடமா, டூரிங் டாக்கீஸா?" என்றார். பிள்ளைகள் முன்னாலேயே. எனக்கு அன்று அழுகை வந்தது. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை அதே மெட்டில்தான் சொல்கிறார்கள். அதில் ஒருத்தி அரியலூரில் கடை வைத்திருக்கிறாள், கணக்குப் போடும்போது உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, ஒரு பாட்டைப் புனிதம் என்று சொல்லிப் பூட்டி வைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நீங்கள் "அசல்" என்று சொல்வதும் யாரோ எங்கிருந்தோ எடுத்ததுதான். காவடிச்சிந்து மெட்டு எத்தனை சினிமாவில் வந்திருக்கிறது, எண்ணிப் பாருங்கள். நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்குப் போயிருக்கிறீர்கள்தானே? இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், அந்த ஊரைத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, நம் கலம்பகம் என்கிற வடிவத்தை எடுத்துத் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். அன்றைக்கு "எங்கள் கலம்பகத்தைத் தொடாதே" என்று யாராவது தடுத்திருந்தால் நமக்குத்தான் நட்டம்.

பாரதி பாட்டின் கதை இன்னும் நல்ல பாடம். பாரதி இறந்தது 1921. அவர் பாடல்களை இசையோடு பதிவு செய்யும் உரிமை கைமாறிக் கைமாறி ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1947-இல் அவர் எடுத்த நாம் இருவர் படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. அது நல்லது. ஆனால் டி.கே.எஸ். சகோதரர்கள் பில்ஹணன் படத்தில் ஒரு பாரதி பாட்டைப் பயன்படுத்தியதும், என் உரிமை என்று வழக்கு வந்துவிட்டது. பாரதியை ஒருவர் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம் என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். நாரண துரைக்கண்ணன் போன்றவர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். கடைசியில் 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமையை ஏற்றுக்கொண்டது. செட்டியார் தன்னிடம் இருந்ததைப் பணம் வாங்காமல் கொடுத்தார். பிறகு அது மக்கள் சொத்தானது. அதனால்தான் நான் 1979-இல் பயிற்சிப் பள்ளியில் யாரையும் கேட்காமல் பாரதி பாடினேன். ஹரீஷும் நாளைக்கே பாடலாம். கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுகூடப் பாடலாம். உங்கள் பட்டியலில் இருந்த நாற்பத்து மூன்று பாட்டில் பாரதி பாட்டு ஒன்றுகூட இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது "மாத்தினா என்ன, எல்லாம் ரசனைதானே" கட்சி. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் இருக்கிறது.

மெட்டை மாற்றலாம், தாளத்தை மாற்றலாம் என்பீர்கள். சரி. சொல்லை? பொதுவாக இந்த ராக் பாட்டுக்காரர்கள் பலர் தமிழ் பாடும்போது எனக்கு நாற்காலியில் உட்கார முடிவதில்லை. நாக்கை மடித்து "ழ" சொல்ல வைக்க உங்களில் எத்தனை பேரோடு எத்தனை மாதம் போராடினேன் என்பது உங்களுக்கே தெரியும். "மழை" என்றால் வாயில் மழை பெய்ய வேண்டாமா? ஒரு சொல்லைப் பாதியில் உடைத்து, முதல் பாதியை இந்த மூச்சிலும் அடுத்த பாதியை நாலு சுற்று சுற்றி வந்து அடுத்த மூச்சிலும் பாடினால், கேட்கிறவன் என்ன பொருள் என்று எடுத்துக்கொள்வான்? குரலுக்குப் பொருள் தேவையில்லை என்று நினைப்பவர்கள் ஆலாபனை பாடட்டும். வார்த்தையைக் கடன் வாங்கினால் வார்த்தைக்கு வட்டி கட்ட வேண்டும்.

கடன் என்றதும் ஞாபகம் வந்தது. உங்கள் நாற்பத்து மூன்று பாட்டுப் பட்டியலை நான் நோட்டில் எழுதிப் பார்த்தேன் (வேலை இல்லாத ரிட்டயர்டு டீச்சர், வேறென்ன செய்வேன்). நாற்பதுக்கு மேல் இசையமைப்பாளர் பெயர் இருந்தது. முப்பதுக்குப் பாடகர் பெயர். எழுதியவர் பெயர் இருந்தது இரண்டே இரண்டுக்கு. அதில் ஒன்று தப்பு! வாலி எழுதியதைக் கண்ணதாசன் என்று போட்டிருந்தான். எட்டாம் வகுப்பில் தமிழில் முதல் மார்க் வாங்கியவன் அவன்.

கேஸ் நடப்பதெல்லாம் பேப்பரில் படிக்கிறீர்கள். 2017-இல் இளையராஜா, தன் அனுமதி இல்லாமல் மேடையில் தன் பாட்டைப் பாடக் கூடாது என்று எஸ்.பி.பி.க்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அமெரிக்காவில் கச்சேரி நடத்திக்கொண்டு இருந்த அவர், இனி அந்தப் பாட்டுகளைப் பாட மாட்டோம் என்று அறிவித்தார். அன்றைக்கு நம் ஊர் டீக்கடையில்கூட இரண்டு கட்சி. 96 படத்தில் ஜானு பாடுகிறாளே பழைய பாட்டுகள், அதைப் பற்றி ராஜா கடுமையாகப் பேசினார். 2024-இல் மஞ்சும்மல் பாய்ஸ் படத்தில் குணா பாட்டு வந்தது, அதற்கும் நோட்டீஸ். அதே 2024 ஏப்ரலில் ராஜாவின் வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கேள்வி கேட்டது. வார்த்தை இல்லாமல் பாட்டு இல்லை, பாடலாசிரியரும் உரிமை கேட்டு வந்தால் என்ன ஆகும் என்று. நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டு இருந்த கேள்வி. என்னை நீதிபதியாகப் போட்டிருக்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 96 படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா, கேரளத்தின் தைக்குடம் பிரிட்ஜ் என்கிற ராக் குழுவைச் சேர்ந்தவர். பழைய பாட்டுகளைக் கோத்துப் பாடித்தான் அந்தக் குழு வீட்டுக்கு வீடு தெரிந்தது. அதே குழு 2022-இல் காந்தாரா படத்தின் பாட்டு எங்கள் நவரசம் பாட்டைப் போல இருக்கிறது என்று வழக்குப் போட்டது. கோழிக்கோடு நீதிமன்றம் அக்டோபரில் தடையும் கொடுத்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. தன் பொருள் போனால்தான் யாருக்கும் வலிக்கிறது. உங்களில் எத்தனை பேர் நிலத்தில் ஒரு அடி வரப்பு நகர்ந்ததற்குத் தாலுகா ஆபீஸ் போனீர்கள்?

நம் மாணவர் ஒருவர் வக்கீலாக இருக்கிறார். அவரிடம் கேட்டேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 31சி என்ற பிரிவு இருக்கிறதாம். ஒரு பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆனபின், உரிமைக்காரருக்கு முன்கூட்டித் தெரிவித்து, முன்பணம் கட்டி, வேறொருவர் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். வருடத்துக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான தொகை. இது மறுபதிவு என்று உறையில் போட வேண்டும். பழைய பாடகரின் பெயரையோ படத்தையோ போட்டு வாங்குகிறவரை ஏமாற்றக் கூடாது. தேவைக்கு மேல் பாட்டை மாற்றவும் கூடாது. எவ்வளவு நியாயமான சட்டம், பாருங்கள்! நீங்கள் மூன்று நாள் அடித்துக்கொண்டதற்கு நாடாளுமன்றம் ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருக்கிறது: பாடு, ஆனால் சொல்லிவிட்டுப் பாடு, கொடுத்துவிட்டுப் பாடு.

என் மகன் இந்த ராக் பைத்தியம் உள்ளவன். அவன் ஒன்று சொன்னான். அமெரிக்காவில் பிக் மாமா தார்ன்டன் என்று ஒரு கறுப்பினப் பெண் பாடகி. அவர் முதலில் பாடிய பாட்டை 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி பாடினார், உலகமே எல்விஸ் பாட்டு என்றது. அவர் தானே எழுதிய இன்னொரு பாட்டை ஜேனிஸ் ஜாப்ளின் 1967-இல் மான்டெரே விழாவில் பாடினார். ஜேனிஸ் ஒரே நாளில் பெரிய ஆள். தார்ன்டன் பெயரை என் மகன் சொல்லித்தான் நான் கேள்விப்பட்டேன். ஜேனிஸ் பெயர் எனக்கே எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. கணக்கு அவ்வளவுதான்.

சரி, உங்கள் சண்டைக்கு வருகிறேன். உங்களுக்குக் கோபம் வரும், வந்தாலும் பரவாயில்லை. அந்தப் பட்டியல் ஹரீஷுக்காகப் போட்டது இல்லை. 92-இல் படித்தவன் போட்ட பாட்டெல்லாம் 88 முதல் 95 வரை. 2001-இல் படித்தவள் போட்டது எல்லாம் 98 முதல் 2004. அவரவர் மீசை முளைத்தபோது, தாவணி போட்டபோது, டவுன் பஸ்ஸில் ஒலித்த பாட்டு. அந்தப் பாடகரிடம் நீங்கள் கேட்பது பாட்டு இல்லை. அந்தப் பஸ்ஸைத் திருப்பிக் கேட்கிறீர்கள். நானும் விதிவிலக்கு இல்லை. என்னைக் கேட்டால் சுசீலாவைத் தாண்ட மாட்டேன். அதற்காக ஒரு நல்ல பாட்டுக்காரரை நேயர் விருப்பம் நிகழ்ச்சி ஆக்கிவிட வேண்டுமா? அவருக்குத் தோன்றியதை அவர் பாடட்டும். பிடித்தால் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பழைய கேசட் இருக்கிறது.

பாடகர் எதைப் பாட வேண்டும் என்று தமிழர்கள் சண்டை போட்டது புதிது இல்லை. ஆனால் அன்று பெரிய விஷயத்துக்காகப் போட்டார்கள். 1940-களில் கச்சேரி மேடையில் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான். தமிழ்ப் பாட்டு கடைசியில், துக்கடாவாக, ஆள் எழுந்து வெளியே போகிற நேரத்தில். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இதற்காக மாநாடு கூட்டினார். கல்கி எழுதினார், டி.கே.சி. பேசினார், எதிர்த்தவர்களும் விடாமல் எழுதினார்கள். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் தமிழிலேயே முழுக் கச்சேரி செய்தார்கள். பாட வரும் ஆளுக்கு இது சிரமம், புதிதாகப் பாடாந்தரம் வேண்டும். ஆனாலும் கேட்டார்கள், ஏனென்றால் கேட்கிறவனுக்குப் புரிய வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. அந்த மாதிரி ஒரு வழக்கு உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் ஹரீஷுக்கு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

என்னிடம் ஒரு வழக்கு இருக்கிறது. நேயர் விருப்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே கேட்கிறேன், தெரிகிறது. வயதானவளுக்கு அந்தச் சலுகை உண்டு.

கனம் கிருஷ்ணையர் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? நம் அரியலூர்ப் பக்கத்துத் திருக்குன்றத்துக்காரர். உ.வே.சாமிநாதையரின் உறவினர், உ.வே.சா.வின் தந்தைக்கு சங்கீத குரு. உடையார்பாளையம் ஜமீனில் சமஸ்தான வித்துவான். தமிழில் பதங்கள் எழுதிப் பாடினார். தஞ்சாவூர் அரண்மனைக்குப் பொப்பிலி கேசவையா என்றொரு வித்துவான் வந்து, கன மார்க்கம் என்கிற பாணியில் பாடி எல்லோரையும் மலைக்க வைத்தார். அடிவயிற்றிலிருந்து வரும் பெருத்த குரல், பயங்கரமான உடல் பயிற்சி எல்லாம் வேண்டும் அதற்கு. நான் கற்றுக்கொண்டு பாடுகிறேன் என்று நம் ஊர்க்காரர் கிளம்பி, கற்று, பாடியும் காட்டினார். அதனால்தான் அந்த "கனம்". உ.வே.சா. இவரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். பிள்ளைகளா, அந்தக் காலத்து ராக் பாடகர் நம் மண்ணில் இருந்திருக்கிறார்! அவர் தமிழ்ப் பதங்கள் யார் அனுமதியும் இல்லாமல், யாருக்கும் பணம் கட்டாமல் பாடலாம். கர்நாடக சங்கீதம் தெரிந்த ராக்காரருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? இருபது கிலோமீட்டருக்குள் பிறந்து வளர்ந்த நீங்கள் இவரைச் சொல்லவில்லை. நானும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. பாடப் புத்தகத்தில் இல்லை என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நம் பள்ளியில் சத்துணவு ஆயாவாக இருந்தவரை எல்லோருக்கும் தெரியும். அவர் போட்ட சோற்றை நீங்கள் எல்லோரும் தின்றிருக்கிறீர்கள். அவர் கடலைக் கொல்லையில் களை வெட்டும்போது பாடினால் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள். பழைய மெட்டுதான், ஆனால் வார்த்தை அவர் கட்டியது. நம் ஏரிக்கரையும், அவர் தங்கையை லாரிக்காரனுக்குக் கொடுத்ததும், சுண்ணாம்புக்கல் குழி தோண்ட அவர் அப்பா கொல்லையைக் கொடுத்ததும் அந்தப் பாட்டில் வரும். தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டரோடு ஒருவர் வந்தார். நான்தான் அறிமுகம் செய்து வைத்தேன். பள்ளித் திண்ணையில் உட்கார வைத்து மதியம் முழுக்கப் பாட வைத்தார். ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ரேடியோ செட்காரர் ஒரு கேசட் போட்டார். நானும் ஆயாவும் பந்தலடியில் நின்றிருந்தோம். அதே பாட்டு. உருமி, கீபோர்டு எல்லாம் சேர்த்து, வேறு யாரோ பாடியிருந்தார்கள். உறையை வாங்கிப் பார்த்தேன். பாடல், இசை என்று வேறு ஒருவர் பெயர்.

ஆயா கோபப்படவில்லை. முழுவதும் கேட்டார். பிறகு என்னிடம், "நல்லாத்தான் பாடுது அந்தப் பொண்ணு. ஏரிக்கரையை ஏன் டீச்சர் ஆத்தங்கரைன்னுட்டாங்க? நமக்கு ஏது ஆறு?" என்றார்.

எனக்கு அப்போது வாய் வரவில்லை. அந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அத்தோடு விட்டுவிட்டேன். முப்பது வருடம் ஆகப் போகிறது. வாலிக்கும் வைரமுத்துவுக்கும் கேட்க ஆள் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. பழைய மெட்டு, நாட்டுப்புறப் பாடல், யாருக்கும் சொந்தமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்களே, அதற்குள் இப்படி எத்தனை ஆயாக்கள் இருக்கிறார்கள்? இன்றைக்கு எந்த ராக் குழுவாவது அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டு ஆத்தங்கரை என்று அலறினால் நாம் கைதட்டுவோம். அது நம் ஊர் ஏரி என்றுகூட நமக்குத் தெரியாது.

ஆகவே குழுவை விட்டுப் போனவனும், போகவைத்தவனும் காதைக் கொடுங்கள். ஆயாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது, பாட்டு மங்கவில்லை. போன வாரம் போயிருந்தேன், நாலு பாட்டு பாடினார், இரண்டை நான் இதுவரை கேட்டதே இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் சேர்ந்து வந்து அவர் பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும். ஒருவனிடம் நல்ல மைக் இருக்கிறது, இன்னொருவனிடம் நல்ல போன் இருக்கிறது, எனக்குத் தெரியும். வார்த்தைகளை நான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏரிக்கரை ஏரிக்கரையாகவே இருக்கும். அவர் பெயரை இங்கே போடாததற்குக் காரணம், அவரைக் கேட்காமல் போட எனக்கு உரிமை இல்லை. அவர் சரி என்றால் பதிவில் முதலில் வருவது அவர் பெயராகத்தான் இருக்கும். பிறகு அதை ஹரீஷுக்கு அனுப்புவீர்களோ, யாருக்கு அனுப்புவீர்களோ, அது ஆயாவைக் கேட்டுவிட்டு.

காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கல் லாரிச் சத்தம், அவரும் மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவார். வரும்போது பன் வாங்கி வராதீர்கள், சர்க்கரை இருக்கிறது. இட்லி நான் கொண்டுவருகிறேன்.